மனத்தை அளக்கும் மலிவான பொறி

உளவியல் பயிலாத ஆசிரியர் இலர். உளவியற் பரிசோதனை ஒன்றைத் தம் கையாற் செய்து பார்த்த ஆசிரியரோ மிகச் சிலர். வூண்ட் என்னும் பேராசிரியர் 1879ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே ஆய்வுகூடம் நிறுவினாரென நெட்டுருச் செய்து பரீட்சை எழுதுதலோடு அக்கல்வி முடிந்துவிடுகின்றது. செக்கனின் ஆயிரத்தில் ஒரு கூற்றை அளக்கும் ஹிப் கடிகாரம் அந்நாளிலேயே இருந்தது. அத்தகைய கருவிகளை நம்போன்ற பாடசாலைகள் கனவிலும் கருதியிரா.

இன்று நிலைமை வேறு. உள்ளங்கையில் அடங்கும் றாஸ்பெரி பை என்னும் கணனி 2012இல் 35 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. பரிசோதனைகளை அமைத்தற்குரிய சைக்கோபை என்னும் மென்பொருள் சாதாரண கணனிகளுக்கு விலையின்றிக் கிடைக்கின்றது.

மலிவான பொறி பிழைபட அளக்குமே என்பார் உளர். மெய்தான். திரை செக்கனுக்கு 60 முறை வரையப்படுவதாயின், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன் கழிகின்றது. விசைப்பலகையும் தன் பங்குக்குச் சிறிது தாமதிக்கும். ஆயினும் ஒல்லாந்து அறிஞர் டொண்டர்ஸ் 1868இலேயே வழிகாட்டியுள்ளார். தேர்ந்து விடையளிக்க ஆகும் நேரத்திலிருந்து எளிய விடைக்கு ஆகும் நேரத்தைக் கழித்து, எஞ்சியதே மனத்தின் வேலைக்குரியதென அவர் கொண்டார். எப்பொழுதும் ஒரே அளவு பிழைகாட்டும் தராசில் இரு பொருள்களை நிறுத்துக் கழித்தால், வித்தியாசம் பிழைபடாதன்றோ? மாறிமாறி வரும் பிழையோ, பன்முறை அளந்து சராசரி காணுமிடத்துக் குறையும். திரையின் மூலையில் ஓர் ஒளியுணரியைப் பொருத்தினால், படம் தோன்றும் உண்மை நேரத்தையே மாணவர் கண்டறியலாம்.

இங்கேதான் மலிவான பொறியின் மேன்மை உளது என்பது எமது துணிபு. உறையிட்டு வந்த விலையுயர்ந்த பொறி காட்டும் எண்ணை மாணவன் வேதவாக்காகக் கொள்வான். தானே கம்பி பொருத்திய பொறியை ஐயுறுவான். அவ்வையமே விஞ்ஞானத்தின் வாயில்.

‘சிவப்பு’ என்னும் சொல்லைப் பச்சை நிறத்தில் எழுதி, அதன் நிறத்தைக் கூறச் செய்யும் பரிசோதனையை ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்டார். சொல்லும் நிறமும் முரணும்போது விடை தாமதிக்கும். அத்தாமதத்தை நம் மாணவர் தமிழ்ச் சொற்களைக்கொண்டே அளக்கலாம். பங்குபற்றுவோர் மனமிசைந்து வருதல் வேண்டும். இவ்வெண்களால் பிள்ளைகளைக் கெட்டிக்காரர், மந்தர் என நிரைப்படுத்த முனைவோர் கையில் இப்பொறியைக் கொடாதொழிதல் நன்று.

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா ஆண்டிலே மாடிக்கட்டிடம் பற்றிச் சிந்திப்பர். யாம் வேண்டுவது சிறிது: இரண்டு சிறு கணனிகள், சில ஒளியுணரிகள், வீட்டில் வாளாகிடக்கும் பழைய திரைகள், பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு மேசை. பைதன் மொழியறிந்த பழைய மாணவர் எவரேனும் சனிக்கிழமைதோறும் ஒரு மணிநேரம் வருவாராயின், அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.