நம்ம வீடு: அரை மில்லிமீட்டர் தேக்கு

அறந்தாங்கியில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். பல வருஷச் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து எழும்பிய வீடு. போன பெண்கள் எல்லோரும் முதலில் நின்றது படுக்கையறை அலமாரி முன்னால்தான். பளபளவென்று தேக்கு ரேகை, பித்தளைக் கைப்பிடி. கிட்டத்தில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கைப்பிடித் துளைகளைச் சுற்றி மரத்தோல் பிய்ந்து சிராய் சிராயாக நின்றது. ஒரு கதவில் இல்லை, பதினாறு கதவிலும்!

"கடையில கேட்டுட்டேன் அண்ணி. எல்லாம் சிஎன்சி மெஷின் வேலை, வெனீர்னா கொஞ்சம் பிசிறு இருக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

இருக்கத்தான் செய்யுமா? புதுக்கோட்டை திரும்பியதும், எங்கள் வீட்டுக்குக் கதவு செய்த ஆசாரியிடம் போய்க் கேட்டேன். இப்போது அவர் பட்டறையில் மகன் கடன் வாங்கிப் போட்ட சிஎன்சி இயந்திரம் ஓடுகிறது. அப்பா கையால் இழைக்கிறார், பிள்ளை கணினியில் அளவு தட்டுகிறான்.

"ராயவரம், கோனாபட்டுப் பக்கம் செட்டியார் வீட்டுக் கதவெல்லாம் பார்த்திருப்பீங்களேம்மா. முழுக்க பர்மா தேக்கு. துளை போடும்போது கொஞ்சம் பிய்ஞ்சா, இழைப்புளியை ரெண்டு தள்ளு தள்ளினா சரியாப் போயிடும். வெனீர்ல அது நடக்காது. இழைச்சா தேக்கே போயிடும்" என்றார்.

உண்மைதான். கடையில் 'டீக் பிளை' என்று 4 மி.மீ. தடிமனில் வாங்குகிறோமே, அதில் மேல் தோல் மட்டும்தான் தேக்கு. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கீழே இருப்பது தைலமரம், பாப்லர் போன்ற மரங்களின் அடுக்குகள். மொத்தத்தையும் தடித்த பிளைவுட் மேல் ஒட்டிக் கதவாக்குகிறார்கள். நாம் பணம் கொடுப்பது அந்த அரை மில்லிமீட்டர் அழகுக்குத்தான். அது கிழிந்தால் திரும்பி வராது.

சரி, ஏன் கிழிகிறது? ஆசாரி ஒரு துண்டுப் பலகையை எடுத்துச் செய்தே காட்டினார். பிட் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில், கடைசித் தோலுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வெட்டுப்படுவதற்குப் பதிலாக மரநார் அப்படியே பெயர்ந்து வருகிறது. அதே பலகைக்கு அடியில் ஒரு கழிவுக் கட்டையை இறுக்கி வைத்துவிட்டு மறுபடி துளைத்தார். துளை சுத்தமாக விழுந்தது.

"கயிறு இழுத்துத் துறப்பணம் போட்ட காலத்துலயே எங்கப்பா அடிக்கட்டை வைக்காம துளை போடமாட்டார்" என்றார்.

மகன் தன் பங்குக்கு விளக்கினான். இயந்திரத்திலும் இதே சட்டம்தானாம். மேசையில் ஒரு எம்.டி.எஃப். பலகை விரித்து, அதன்மேல்தான் கதவைப் படுக்க வைக்கிறார்கள். அந்த அடிப்பலகை பழைய துளைகளால் சல்லடையாகிவிட்டால் தாங்கல் போய்விடும். அவ்வப்போது அதைச் சீவிச் சமன் செய்யவேண்டும், இல்லையென்றால் மாற்றவேண்டும்.

அடுத்தது பிட். பாதியில் நிற்கும் துளைக்கு, நடுவில் ஊசியும் விளிம்பில் இரண்டு சிறு கத்திகளும் உள்ள பிட். அந்தக் கத்திகள் முதலில் வட்டத்தைக் கீறிவிடும், அப்புறம்தான் உள்மரம் வெட்டுப்படும். மறுபக்கம் வரை போகும் துளைக்கு, 'வி' போலக் கூரான முனை உள்ள பிட். அது மெல்ல மெல்ல வெளியே வருவதால் தோல் பிய்வது குறையும். உள்ளே இறங்கும்போதும் வெளியே வரும்போதும் வேகத்தைக் குறைக்கும்படி கணினியில் எழுதி வைக்கலாம். பிளைவுட்டில் உள்ள பசை முனையைச் சீக்கிரம் மழுங்கடிக்கும் என்பதால் கார்பைடு முனை நல்லது. பல பிட் உள்ள துளைத்தலையில் பக்கத்துப் பக்கத்துப் பிட்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றுமாம். இடத்தை மாற்றிப் போட்டால் மரம் வெட்டுப்படாது, கருகும்.

"மெஷினுக்கு என்ன தெரியும் அத்தை? நாம சொன்ன இடத்துல, சொன்ன வேகத்துல இறங்கும். அடியில தாங்கல் இருக்கா, முனை கூரா இருக்கானு நாமதான் பார்க்கணும்" என்றான்.

அதற்குள் ஆசாரிக்கு ஒரு சந்தேகம். "கதவைத் திறந்து உள்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கம்மா. கைப்பிடித் துளை விளிம்புலேருந்து எவ்வளவு தூரம்னு நாலு கதவுல அளந்தும் சொல்லச் சொல்லுங்க."

பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது. உள்ளே மறைகீல் உட்காரும் 35 மி.மீ. குழிகள் கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனால் கைப்பிடித் துளைகளின் தூரம் கதவுக்குக் கதவு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மாறியிருந்தது. ஆசாரி சிரித்துவிட்டார். "குழி போட்டது மெஷின். கைப்பிடித் துளை போட்டது வீட்டுக்கு வந்து, கை டிரில்லால. இரும்புக்குப் போடற பிட்டை வச்சு, உள்ளேயிருந்து வெளியே போட்டிருக்காங்க. அடிக்கட்டையும் வைக்கல. மெஷின் மேல பழியைப் போட்டுட்டாங்க."

ஏன் அப்படி? நாத்தனாரிடம் கேட்டால், "கைப்பிடி கடைசி வாரம்தானே அண்ணி வாங்கினோம்!" என்கிறாள். அங்கேதான் நாமும் கோட்டை விடுகிறோம். பலகை இயந்திரத்தில் ஏறும்போது கைப்பிடி எதுவென்றே முடிவாகவில்லை. பிறகு அவசரத்தில் நின்றபடி துளைக்கிறார்கள்.

ஆகவே அலமாரி செய்யக் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

கைப்பிடியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு திருகுக்கும் இடையிலான அளவு பெரும்பாலும் 96, 128, 160 மி.மீ. என்று இருக்கும். அதை எழுதிக் கொடுத்து, கைப்பிடித் துளையையும் இயந்திரத்திலேயே போடச் சொல்லுங்கள்.

அதே வெனீர் பலகையின் துண்டில் ஒரு துளை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். துளையின் இரு பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பட்டறை இதற்குக் கோபப்படாது.

வீட்டில் வந்துதான் துளைக்கவேண்டும் என்றால், அழகுப் பக்கத்திலிருந்து உள்பக்கமாக, மரத்துக்கான ஊசிமுனைப் பிட்டால் துளைக்கவேண்டும். பின்னால் கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். முதல் துளைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வாங்கும் பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அலங்கார வெனீர் பிளைவுட்டுக்கான தர எண் 1328.

நாத்தனார் அந்தப் போட்டோக்களையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. கைப்பிடிக்கு அடியில் பிசிறை மறைக்கும் பித்தளைத் தகடுகளைக் காசு வாங்காமல் பொருத்திக் கொடுத்தார்கள். முழு நியாயம் இல்லைதான். ஆனாலும் நேற்று போனில் சொன்னாள்: "இப்ப கதவைத் திறக்கும்போது மனசு உறுத்தல அண்ணி. சமையலறை அலமாரிக்குக் கைப்பிடி வாங்கி வச்சுட்டேன். இனிமேதான் பலகையே எடுக்கணும்!"