கட்டிலில் கிடத்தாதீர்கள்

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓர் அறிவுரையையும் கொண்டுவருகிறார்கள்: "ஒரு மாசம் அசையாம படுத்திருங்க. புது முட்டி செட்டாகணும்ல!" வீடும் தலையாட்டுகிறது. கட்டிலை ஒட்டி கமோடு நாற்காலி வந்துவிடுகிறது. முட்டிக்கு அடியில் தலையணை ஏறுகிறது. அடிக்கடி எழுந்திருக்க வேண்டுமே என்று அந்த அம்மாவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். எல்லாம் அன்பால் செய்வதுதான். ஆனால் காலில் ரத்தம் உறைவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

முதலில் அந்த 'செட்டாகும்' கதை. செயற்கை மூட்டைப் பெரும்பாலும் எலும்புச் சிமெண்ட் வைத்துத்தான் பொருத்துகிறார்கள். அது அறுவை மேசையிலேயே கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடுகிறது. அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து நிற்க வைக்கிறார்களே, முட்டி உறுதியாக இல்லாமலா செய்வார்கள்?

கால் ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிச் சிரைகளைப் பிழிவதால்தான் அது ஏறுகிறது. படுத்தே கிடந்தால் ரத்தம் தேங்கும். சிரையின் சுவர் அடிபடுவது, ரத்தத்துக்கு உறையும் தன்மை கூடுவது, ஓட்டம் மந்தமாவது என்று உறைவுக்கு மூன்று காரணங்களை ஜெர்மன் மருத்துவர் விர்ஹோவின் பெயரால் இன்றும் சொல்கிறார்கள். முதல் இரண்டையும் அறுவை சிகிச்சையே கொண்டுவந்துவிடுகிறது. மூன்றாவதை நாம் வீட்டில் வளர்க்கிறோம். காலில் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரல் குழாயை அடைத்தால், உயிர் போக நிமிடங்கள் போதும்.

ஒரு காலத்தில் மருத்துவர்களே நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்க வைத்தவர்கள்தான். படுக்கையின் ஆபத்துகளைப் பட்டியலிட்டு லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் எழுதியது 1947-இல். மருத்துவம் மாறிவிட்டது, நம் கூடம் மாறவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்றது" என்று ஒரு சமாதானம் உண்டு. ஆசியாவின் 19 மருத்துவமனைகளில், தடுப்பு மருந்து இல்லாமல் இடுப்பு, முட்டி அறுவை செய்துகொண்டவர்களின் சிரைகளைச் சாயம் ஏற்றிப் படமெடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவு: 41 விழுக்காட்டினருக்கு உறைவு. பெரும்பாலானவை அறிகுறி காட்டாதவை என்பது உண்மை. அந்த அமைதியை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம்.

நடந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஊசியோ மாத்திரையோ வேண்டும். எது என்பதில் மருத்துவர்களுக்குள் வழக்கு தீரவில்லை. 2022-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 90 நாட்களுக்குள் அறிகுறியுடன் உறைவு கண்டவர்கள் ஆஸ்பிரின் எடுத்தோரில் 3.45 விழுக்காடு, எனாக்ஸாபாரின் ஊசி போட்டுக்கொண்டோரில் 1.82 விழுக்காடு. மருந்தே வேண்டாம் என்று இரு தரப்பும் சொல்லவில்லை. குறைந்தது 10 முதல் 14 நாள், தேவைப்பட்டால் 35 நாள் வரை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. நம் வீடுகளிலோ தையல் பிரித்த அன்றே மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது.

இன்னொரு கொடுமை, வீங்கிய கெண்டைக்காலைத் தைலம் போட்டு உருவிவிடுவது. உள்ளே கட்டி இருந்தால் அதை நாமே தள்ளிவிடுவதாக ஆகிவிடும்.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்த மருந்து, எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை முறை நடக்க வேண்டும். ரத்தக் கசிவோ வயிற்றுப் புண்ணோ முன்பு இருந்திருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.