மூடிய அறைக்குள் மக்கும் மரம்

வெளியே பார்த்தால் பளபளப்பு. பெயின்ட் உரியவில்லை, விரிசலும் இல்லை. ஆனால், பின்பக்க மூலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினால், கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிவிடுகிறது. வீட்டிலேயே படகு கட்டியவர்கள் பலர் ஒருநாள் சந்திக்கிற அதிர்ச்சி இது.

பிரிட்டனில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். காரணம், ‘மிரர்’ என்கிற குட்டிப் பாய்மரப் படகு. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், டி.வி-யில் வீட்டு மராமத்து வேலைகளைச் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற பேரி பக்னெலும் 1962-ல் உருவாக்கியது. ‘டெய்லி மிரர்’ பத்திரிகை இதற்கு ஆதரவு தந்தது. பெயர் வந்ததும் அப்படித்தான். 3.3 மீட்டர் நீளம். ப்ளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழை நாடா வைத்து, ரெசின் பூசினால் படகு தயார். தச்சு வேலை தெரியாதவர்கள்கூட வீட்டு ஷெட்டில் கட்டி முடித்தார்கள். இதுவரை 70,000-க்கும் மேற்பட்டவை உருவாகியிருக்கின்றன. இதேபோல் தைத்து ஒட்டிய ப்ளைவுட் படகுகள், 1980-களில் நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தன.

உயிர் காக்கும் அறை

மிரர் படகின் பக்கங்களிலும் முன்புறமும் மூடிய காற்றறைகள் உண்டு. படகு கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பவை இவைதான். வேதனை என்னவென்றால், முதலில் மக்குவதும் பெரும்பாலும் இவைதான். உள்ளே கசிந்த தண்ணீர் வெளியேற வழியில்லை, காற்றோட்டமும் இல்லை. அப்பாவும் பிள்ளையும் நம்பி ஏறுகிற படகில், நம்பிக்கையே ஓட்டையாகிவிடுகிறது.

மரத்தை மக்க வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. இன்னொரு ஆச்சர்யம்... கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு ஆபத்து. உப்பு, பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். கடலில் மிதக்கும் படகைவிட, தார்ப்பாய் கிழிந்து கொல்லையில் கிடக்கும் படகு சீக்கிரம் கெட்டுப்போவது இதனால்தான்.

எப்படிச் சரிசெய்வது?

முதலில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் ‘டக் டக்’ என்று ஒலிக்கும். மக்கியது ‘தொப்’பென்று சத்தம் தரும். வெறும் கறுப்புக் கறை என்றால் பயம் வேண்டாம். மரம் உறுதியாக இருந்தால், ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் கறையைப் போக்கிவிடலாம்.

மக்கிய இடத்தில் ரெசினை ஊற்றிக் கெட்டியாக்கிவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். புண்ணை ஆற்றாமல் மூடிக் கட்டினால் சீழ்தான் வைக்கும். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மரத்தின் பழைய பலமும் திரும்பாது. அதனால் வெட்டி எடுப்பதே வழி. மக்கிய பகுதியை மட்டுமல்ல, அதைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் நல்ல மரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

அடுத்து, பொறுமை. நிழலும் காற்றும் உள்ள இடத்தில் படகைக் காயவிட வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம். ஈரமானி இருந்தால், 12 சதவிகிதம் வரை இறங்கிய பிறகு ஒட்டுவது நல்லது.

புதுத் துண்டை முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டினால் நிற்காது. இரண்டு ஓரங்களையும் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். தடிமனைப்போல் 8 மடங்கு சரிவு தேவை. 5 மி.மீ. பலகைக்கு 40 மி.மீ.

ஒட்டும் இடத்தில் முதலில் வெறும் எபாக்சியைத் தடவி, மரம் குடிக்கும்வரை விடுங்கள். பிறகு, எபாக்சியில் மரத்தூள் கலந்த களிம்பைத் தடவி இணையுங்கள். க்ளாம்ப்பை அளவோடு இறுக்கினால் போதும். அழுத்தி இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். பலகையின் வெட்டிய ஓரங்களுக்கு 3 கோட் எபாக்சி அவசியம். ப்ளைவுட் தண்ணீர் குடிப்பதே ஓரம் வழியாகத்தான். வெயில் எபாக்சியைக் கெடுக்கும் என்பதால், மேலே பெயின்ட்டோ வார்னிஷோ கட்டாயம்.

எபாக்சி கையில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஆயுள் முழுக்க அலர்ஜி வந்துவிடும். கையுறை போடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடியும் வேண்டும்.

சோப்பு நுரைப் பரீட்சை

வேலை முடிந்ததும் நேரே ஆழத்துக்குப் போகக் கூடாது. காற்றறையின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே மெதுவாகக் காற்று ஊதிப் பாருங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு. கம்ப்ரஸர் மட்டும் வேண்டாம், மூட்டே பிளந்துவிடும்.

கரையேறிய பிறகு ஒரு சின்ன பழக்கம் போதும். காற்றறையின் மூடியைத் திறந்துவைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது மூடி, கரையில் இருக்கும்போது திறந்து... இதைச் செய்கிறவர்களுக்கு, அடுத்த முறை ஸ்க்ரூடிரைவர் அழுத்தும்போது ‘டக் டக்’ என்றே பதில் வரும்.