கொடி மாறியது, சலவைக் கூடம் மாறவில்லை

நம் அரசமைப்புச் சட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் அயர்லாந்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆங்கிலேயரிடம் நிலத்தையும் மொழியையும் பறிகொடுத்துப் போராடிய மக்கள் அவர்கள். அவர்கள் வரலாற்றைச் சொல்லும் படங்களை நாம் பார்க்க வேண்டும்.

கென் லோச் இயக்கி, 2006இல் கான் விழாவின் உயரிய விருதைப் பெற்ற படம் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி'. விடுதலைப் போராளிகள் நடத்தும் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வருகிறது. ஏழை மூதாட்டியிடம் அநியாய வட்டி வாங்கிய வணிகருக்கு எதிராகத் தீர்ப்பாகிறது. ஆனால் போராளித் தலைவர் ஒருவரே அந்த வணிகரைக் காப்பாற்றுகிறார். துப்பாக்கி வாங்கப் பணம் தருபவர் அவர்தானே! வெள்ளையர் இன்னும் வெளியேறவில்லை. அதற்குள் 'யாருக்கான விடுதலை?' என்ற கேள்வி எழுந்துவிட்டது.

1922இல் தனி அரசு அமைந்தது. கொடி மாறியது. கன்னியர் மடங்கள் நடத்திய மேக்டலீன் சலவைக் கூடங்கள் மாறவில்லை. மணமாகாமல் தாயானவர்கள், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், ஆதரவற்ற ஏழைப் பெண்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். பலருடைய பெயரைக்கூட மாற்றினார்கள். ஊரார் அழுக்கைக் கூலியில்லாமல் வெளுத்தார்கள் அந்தப் பெண்கள். 1922க்குப் பிறகு மட்டும் பத்தாயிரம் பெண்கள் வரை உள்ளே போனார்கள். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல்தான்.

1998இல் பிரிட்டனில் ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பானது. உள்ளே இருந்து மீண்ட பெண்கள் அதில் தம் வாயாலேயே நடந்ததைச் சொன்னார்கள். அதைப் பார்த்த பீட்டர் முல்லன் 'தி மேக்டலீன் சிஸ்டர்ஸ்' படத்தை எடுத்தார். 2002இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது அது. இடையில் 1999இல், அயர்லாந்தின் சொந்தத் தொலைக்காட்சியிலேயே மேரி ராஃப்டரியின் 'ஸ்டேட்ஸ் ஆஃப் ஃபியர்' தொடர் வந்தது. மதச் சபைகளின் விடுதிப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் பட்ட சித்திரவதையை அது காட்டியது. தொடர் முடிவதற்குள் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். சலவைக் கூடப் பெண்களிடம் அரசு மன்னிப்புக் கேட்க 2013 வரை ஆனது. படங்கள் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. பெண்கள் விடாமல் போராடினார்கள். அவர்கள் குரலை ஊர் கேட்கும்படி செய்தவை படங்கள்.

அயர்லாந்தில் 'டிராவலர்ஸ்' என்றொரு மக்கள் உண்டு. ஊர் ஊராகப் போய்த் தகரப் பாத்திரம் செய்தும் பழுது பார்த்தும் பிழைத்தவர்கள். மதமும் நிறமும் ஒன்றுதான். ஆனாலும் ஊர் அவர்களை ஒதுக்கியது. டப்ளின் சாலையோரத்தில் வண்டிக்குள் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை 2005இல் வந்த 'பேவி லாக்கீன்' காட்டுகிறது. நடித்தவர்கள் பெரும்பாலும் அந்த மக்களே. அவர்களைத் தனி இனக்குழுவாக அரசு ஏற்றது 2017இல்தான்.

அடிமைப்பட்ட தேசமும் தனக்குள் அடிமைகளை வைத்திருக்க முடியும். இது அம்பேத்கரைப் படித்த நமக்குப் புதிதல்ல. சமூகச் சிக்கலைத் தீர்க்காத அரசியல் ஏற்பாடு நிலைக்காது என்பதற்கு, 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் எடுத்துக் காட்டிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று.

அந்நியன் செய்த கொடுமையைப் படமாக்கினால் ஊரே கைதட்டும். சொந்த வீட்டுக்குள் நடந்ததைப் படமாக்கினால் வீடே கோபப்படும். அந்தக் கோபத்தைத் தாங்கி எடுத்த படங்கள்தான் அயர்லாந்தில் ஆட்சியாளரைத் தலைகுனிய வைத்தன. நம் படிப்பகங்களில் ஒரு மாலை இவற்றைத் திரையிடுவோம். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுப் பேசுவோம்: நம் ஊரில் இன்னும் படமாகாத வீடு எது?