கார்டின் முதுகு

காரைக்காலில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். உலகம் முழுவதையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர். ஈபில் கோபுரம், நயாகரா, பிரமிடுகள், ஸ்விஸ் மலைகள் எல்லாம் ஆல்பம் ஆல்பமாக அங்கே தூங்குகின்றன. அத்தனையும் படக் கார்டுகள். ஒன்றிலாவது ஓர் எழுத்துக் கிடையாது. தபால் முத்திரை கிடையாது. "கை படாத சரக்கு, ஸார்!" என்பார் பெருமையாக.

அந்தப் பெருமை எனக்கு விளங்குவதில்லை. 1869-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் தபால் கார்டு வெளிவந்தபோது அதில் படமே இல்லை. 1879-ல் நம் நாட்டுக்கு வந்த காலணாக் கார்டும் அப்படித்தான். படம் பிற்பாடு வந்த விருந்தாளி. விருந்தாளிக்கு நாற்காலி போட்டுவிட்டு வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்தலாமா?

போகட்டும், எழுதாத கார்டைச் சேர்ப்பவரால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதிய கார்டைப் பாழாக்குகிறவர்களோடுதான் என் வழக்கு.

1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. நடுவே இங்கிலீஷ்காரர் பிடித்து வைத்திருந்த காலம் போக, 1954 வரை அவர்களிடமே இருந்தது. அதனால் இங்கிருந்து பலர் உத்தியோகம் தேடிச் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் வீட்டுக்குப் போட்ட கார்டுகளில் முன்பக்கம் சைகோன் மாதா கோவில் இருக்கும். 1891-ல் கட்டி முடித்த பெரிய தபாலாபீஸ் இருக்கும். விஷயமெல்லாம் பின்பக்கத்தில்.

சென்ற வருஷம் ஒரு வீட்டில் அத்தகைய ஆல்பம் ஒன்றைப் பார்த்தேன். கார்டுகளை மைதாப் பசை தடவி அப்பியிருந்தது. சிலவற்றில் மூலையைச் சதுரமாகக் கத்தரித்து ஸ்டாம்பை எடுத்திருந்தார்கள். அதோடு முத்திரையின் தேதியும் போயிற்று.

"எங்க அப்பா சைகோன்லேருந்து போட்டது, தம்பி. படம் அழகா இருக்குன்னு சின்னப் பொண்ணா இருக்கறப்போ நானேதான் ஒட்டினேன். பின்னாலே என்ன எழுதியிருக்காருன்னு கொஞ்சம் பாரு" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா.

மெல்லப் பிரித்தேன். முதுகுத் தோல் ஆல்பத்தோடு நின்றுவிட்டது. "அம்மாவுக்கு மருந்து" என்ற இரண்டு வார்த்தைதான் மிச்சம். என்ன மருந்து? வாங்கினார்களா? அந்த அம்மாள் பிழைத்தாளா? படத்தில் மாதா கோவிலின் இரண்டு கோபுரங்களும் பளிச்சென்று நின்றன. அந்தக் கோவில் இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அந்த அப்பாவின் கையெழுத்தை எங்கே போய்ப் பார்ப்பது? பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் ஆல்பத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

குழந்தை அறியாமல் செய்ததை நான் குற்றம் சொல்லவில்லை. படித்தவர்கள், விலை தெரிந்தவர்கள், இன்றும் அதையே செய்கிறார்களே! "எழுதியிருந்தால் மதிப்புக் குறைவு" என்கிறான் வியாபாரி. "பிறர் கடிதத்தைப் படிப்பது அநாகரிகம்" என்கிறார் என் நண்பர். உறை போடாத கடிதம், ஐயா! அதை அந்தக் காலத்துத் தபால்காரரே படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். அச்சாபீஸ் ஒரே படத்தை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும். பின்பக்கத்து நாலு வரியோ உலகத்தில் ஒன்றே ஒன்று. இதில் எது அபூர்வம்?

வீட்டில் பழைய கார்டு இருந்தால் ஒட்டாதீர்கள், கத்தரிக்காதீர்கள். நாலு மூலைக்கும் காகிதப் பை செய்து செருகுங்கள். திருப்பிப் படிக்க வழி இருக்கட்டும்.

நண்பருக்கும் இதையெல்லாம் நுணுக்கி எழுதி, இடமே விடாமல் ஒரு படக் கார்டு போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்வார். அந்தக் கோபத்தையாவது ஒரு கார்டில் எழுதி அனுப்பட்டும்!