தூங்கும் யந்திரம்

தூக்கத்தில் பல தினுசு உண்டு. கும்பகர்ணனுடைய தூக்கம் ஒன்று. முரசும் யானையும் வந்தாலொழிய அவன் எழுந்திருக்க மாட்டான். கோழித் தூக்கம் ஒன்று. இலை அசைந்தாலும் கலைந்துவிடும். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் துயிலையோ நம் பெரியவர்கள் அறிதுயில் என்றார்கள். கண் மூடியிருக்கும், உலகத்தில் நடப்பதெல்லாம் தெரிந்திருக்கும். இத்தனை தூக்கமும் நம் வீட்டு மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் உண்டு என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடும். சிரித்து முடித்த பிறகு மின்சாரக் கட்டணக் கணக்கை எடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இந்த விஷயம் வெறும் வேடிக்கை அன்று. மோட்டார் வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் பெரிய ஆலைகளில் மின்சாரத்தைக் கண்காணிப்பதற்கென்றே இஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். அந்த ஆலைகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரரின் நிலை வேறு. பட்டறைக் கணக்கு முழுவதும் அவர் வீட்டுக் கூடத்தில் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். மாலையில் படம் மறையும். யந்திரம் மட்டும் காலை வரையில் உறுமிக்கொண்டிருக்கும்.

இதனால் என்ன நஷ்டம்? சும்மா நிற்கும் யந்திரம் 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் அப்படி நின்றால், இரண்டு மாதத்தில் 50 யூனிட் ஆகிவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் ஏற்பட்டது. அதில் பாதியை ஒரு வேலையும் செய்யாத யந்திரம் விழுங்குகிறது! அதே யந்திரம் 3 வாட்டில் தூங்கினால், அந்த இரண்டு மாதத்திற்கு இரண்டரை யூனிட் போதும்.

தூங்குவது எப்படி? பெட்டியின் உள்ளே மதர்போர்டு என்ற பலகை இருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் அதுவே தாய். யார் எப்போது தூங்குவது, யார் விழித்திருப்பது என்ற ஒழுங்கை இன்டெல், மைக்ரோஸாப்ட், தோஷிபா ஆகிய மூன்று கம்பெனிகளும் கூடி 1996-இல் வகுத்தன. பல யந்திரங்கள் இன்றும் நடப்பது அந்த ஒழுங்கின் வழியில்தான்.

அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு. 'ஸ்லீப்' என்பது முதலாவது. மூளையும் விசிறியும் நின்றுவிடும். ஞாபகச் சில்லுகளுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சில்லுகள் ஓட்டைக் குடம் போன்றவை. வினாடிக்குப் பல முறை நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் அவற்றில் எழுதியது நிற்கும். பொத்தானைத் தொட்டால் சில வினாடிகளில், விட்ட இடத்திலிருந்து யந்திரம் எழுந்துவிடும். இதுதான் அறிதுயில்.

'ஹைபர்னேட்' என்பது இரண்டாவது. ஞாபகத்தில் உள்ளதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு யந்திரம் அடியோடு படுத்துவிடும். எழுப்பச் சற்று நேரம் ஆகும். ஆனால் கம்பியையே பிடுங்கினாலும் எழுதியது போகாது. இது கும்பகர்ணன் வகை.

இந்த வித்தியாசத்தின் அருமை மின்வெட்டை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றதை யார் மறப்பார்கள்? அறிதுயிலில் இருக்கும்போது மின்சாரம் போனால், சேமிக்காத கணக்கு போனது போனதுதான். இதற்குப் பரிகாரமாக 'ஹைப்ரிட் ஸ்லீப்' என்ற மூன்றாவது ஏற்பாடும் உண்டு. டிஸ்கில் ஒரு பிரதி எழுதிவிட்டு, பிறகு அறிதுயில் கொள்வது அது. மின்வெட்டு உள்ள ஊரில் மேஜைக் கம்ப்யூட்டருக்கு இதுவே உத்தமம் என்பது நமது அபிப்பிராயம்.

தூங்குகிற யந்திரத்திற்கு நேரம் மட்டும் எப்படித் தெரிகிறது? இதற்கு விடை ஓசூரிலேயே இருக்கிறது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் 1984-இல் கூட்டாக ஆரம்பித்த டைட்டன் கம்பெனியின் கடிகார ஆலை அங்கே உள்ளது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் ஒரு சிறு படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுவே ஒரு வினாடி. மதர்போர்டில் உள்ள கடிகாரத்திலும் இதே அதிர்வுள்ள படிகம்தான் வேலை செய்கிறது. மின்சாரமே இல்லாதபோது நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று அதைக் காப்பாற்றுகிறது. நம் மணிக்கட்டில் இருக்கும் சாதனந்தான் பெட்டிக்குள்ளும் இராக் காவல் புரிகிறது.

இன்னும் இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும். பெட்டியின் முன்புறப் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. தாய்ப்பலகைக்குச் செய்தி சொல்லுகிறது, அவ்வளவே. அணைத்த பிறகும் 5 வோல்ட் மின்சாரம் உள்ளே காத்திருக்கும். அணைந்திருக்கும் சாதனம் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 2013-இல் விதி அமலுக்கு வந்தது. அதற்கு இணங்கப் பல பலகைகளின் அமைப்புப் பக்கத்தில் 'ஈ.ஆர்.பி.' என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். அதை இயக்கினால் வீண் செலவு குறையும். ஆனால் விசைப்பலகையைத் தட்டி யந்திரத்தைக் கிளப்ப முடியாமற் போகலாம்.

அதே பக்கத்தில், போன மின்சாரம் திரும்பியதும் யந்திரம் தானே எழ வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கும். வேண்டாம் என்று வைப்பதே நலம். வெட்டுக்குப் பின் மின்சாரம் நிதானமாக வருவதில்லை. வந்து, போய், மறுபடி வரும். ஆளில்லாத வீட்டில் யந்திரம் ஒவ்வொரு தடவையும் எழுந்து விழுந்தால் டிஸ்க் என்னாவது?

இவையெல்லாம் ரகசியங்கள் அல்ல. ஆனால் அந்த அமைப்புப் பக்கம் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே இருக்கிறது. குடும்பத் தலைவி அதைக் கண்டதும் மூடிவிடுகிறாள். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று 1916-இலேயே ஒரு சங்கம் ஏற்படுத்தினார். தாய்மொழியில் சொன்னால் சாஸ்திரம் சமையலறை வரையில் வரும். 'ஸ்லீப்' என்பதற்கு எதிரே அறிதுயில் என்று எழுதியிருந்தால் எந்தப் பாட்டிக்குத்தான் விளங்காது? அந்த நாள் வரும் வரையில், வீட்டில் இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகள் இன்று மாலையே அந்தப் பக்கத்தைத் திறந்து, பெரியவர்களுக்கு வரி வரியாகப் படித்துச் சொல்லட்டும்.