எத்தனை புள்ளி கோலம் பாஸ்?

டூ-டி கேம் பண்றோம்னு கிளம்புற எந்த கேங்கை வேணா எடுத்துக்கோங்க. முதல் நாள் கதை டிஸ்கஷன், ரெண்டாம் நாள் ஹீரோவுக்குப் பேரு, மூணாம் நாள் பி.ஜி.எம்! 'ரெசல்யூஷன்...'னு ஒருத்தன் வாயைத் திறந்தா, 'ஃபுல் ஹெச்.டி. போட்டுக்கலாம் மச்சி, விடு'ன்னு அமுக்கிடுவாங்க. கோடம்பாக்கம் டீக்கடை பெஞ்ச்ல எங்க செட்டு ஒரு வாரமா முட்டிக்கிறது இந்த மேட்டருக்குத்தான். எங்க கேம்ல ஹீரோ, ஷூட்டிங்ல லைட் தூக்குற பையன். ஆற்காடு ரோடு நெடுக ஓடணும். அவன் எத்தனை பிக்சல் உயரம்? இதுக்கு பதில் தெரியாம ஒரு செங்கல்கூட வரைய முடியாது.

மார்கழி மாசம் உங்க வீட்டு வாசலை ஞாபகப்படுத்திக்கோங்க. '15 புள்ளி, இடைப்புள்ளி 8-ல நிறுத்தணும்'னு கணக்குப் போட்டு, வாசல் தாங்குமான்னு பார்த்துட்டுத்தான் அம்மா கோலமாவுல கை வைப்பாங்க. பிக்சல் ஆர்ட்டும் அதேதான். புள்ளி அதிகமானா வேலை அதிகம்; குறைஞ்சா மயிலு காக்கா மாதிரி தெரியும்.

இப்போ கணக்கு. 2018-ல வந்து கலக்கின 'செலஸ்ட்' கேம் வெறும் 320×180 பிக்சல்ல வரைஞ்சது. ஏன் அந்த நம்பர்? 4-ஆல பெருக்குங்க, 1280×720. 6-ஆல பெருக்குங்க, 1920×1080, அதாவது ஃபுல் ஹெச்.டி. 12-ஆல பெருக்கினா ஃபோர்-கே டி.வி.! எல்லாமே முழு எண். ஒவ்வொரு பிக்சலும் அழகா ஒரே சைஸ் சதுரமா பெருசாகும்.

இங்கதான் வில்லன் என்ட்ரி. 2011-லேர்ந்து அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் எத்தனை வீட்டுல இன்னும் ஓடுது! எங்க செட்டுல ஒருத்தன் கோடிங் பண்றதே அவங்க அக்காவோட அந்த லேப்டாப்லதான். அந்த மாதிரி மெஷின் ஸ்கிரீன் 1366×768. 768-ஐ 180-ஆல வகுத்துப் பாருங்க... நாலே கால் சொச்சம். ஃபுல் ஸ்கிரீனா இழுத்தா, சில பிக்சல் 4 கட்டம், சில பிக்சல் 5 கட்டம். ஹீரோ நடக்க நடக்க மூக்கு ஒரு தடவை ஒல்லியாகும், ஒரு தடவை குண்டாகும். 'ஸ்மூத்' ஆப்ஷனை ஆன் பண்ணா இன்னும் மோசம், சோடாபுட்டி கண்ணாடியைக் கழட்டின மாதிரி கலங்கிடும்.

என் ஓட்டு, இழுக்காதீங்க! 4 மடங்கோட நிறுத்துங்க. பக்கத்துக்கு 43 பிக்சல், மேலயும் கீழயும் 24 பிக்சல் கறுப்பு பார்டர் வரும், வரட்டுமே. தியேட்டர்ல ஸ்கிரீனைச் சுத்திக் கறுப்புத் துணி இருக்கே, என்னைக்காவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருக்கோமா?

சினிமாக்காரங்க இந்தத் தலைவலியை நமக்கு முன்னாடியே பார்த்தவங்க. அந்தக்கால ஃப்ரேம் 1.37:1, கிட்டத்தட்ட சதுரம். 1973-ல 'ராஜராஜ சோழன்' தமிழோட முதல் சினிமாஸ்கோப் படமா வந்தப்போ ஃப்ரேம் நீண்டுபோச்சு. பழைய ஃப்ரேமை அகலம் மாறாம 2.35:1-க்குள்ள திணிச்சா உயரத்துல 58 சதவிகிதம்தான் மிஞ்சும். அதாவது கிரீடம் போகணும், இல்லேன்னா செருப்பு போகணும். எடுத்து முடிச்ச பிறகு ஃப்ரேமை மாத்தினா இதான் கதி.

அடுத்து செல்போன். இப்போ நிறைய போன் 20:9, படுக்கவச்சா கேரம் போர்டு போய் கிரிக்கெட் பிட்ச் ஆயிடும். அதனால பேக்ரவுண்டை அகலமா வரைஞ்சு வச்சுக்கிட்டு, முக்கியமான ஆக்‌ஷனை நடுவுல மட்டும் நடத்துறது புத்திசாலித்தனம். லேப்டாப்ல ஓரம் வெட்டுப்பட்டாலும் ஹீரோ தப்பிச்சுடுவான்.

சரி, அப்போ 320×180-னே முடிவு பண்ணிடலாமா? எங்க செட்டுல எல்லாரும் தலையாட்டியாச்சு. ஆனா எங்க ஹீரோ தமிழ்ல பேசணுமே!

இங்கிலீஷ் எழுத்தை 5×7 கட்டத்துல அடக்கிடலாம். நம்ம எழுத்து அப்படியா? 'கீ'க்கு மேல சுழி, 'கூ'வுக்குக் கீழ வால், 'க்'குக்குத் தலையில புள்ளி. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி. அதைக் காட்டவே இடம் வேணும். நான் கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சு பார்த்தேன், ஒரு எழுத்துக்கு சராசரியா 10 பிக்சல் அகலம் கேட்குது. 'கோடம்பாக்கம்'னு எழுதுங்க. சொல்றதுக்கு 7 எழுத்து. வரையுறப்போ கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 10 உருவம். 100 பிக்சல் காலி! 320-ல மூணுல ஒரு பங்கை ஊர் பேரே சாப்பிட்டா, 'கோடம்பாக்கம் பிரிட்ஜ்கிட்ட நில்லு'ன்னு வசனம் பேச ரெண்டு வரி ஆகும்.

அதான் 640×360-க்கு மாறினோம். 2 மடங்கு 720, 3 மடங்கு 1080, 6 மடங்கு ஃபோர்-கே. கணக்கு அப்படியே ஒட்டுது. 720×1600 போனைப் படுக்கவச்சா 800×360 கச்சிதம். பழைய லேப்டாப்ல அதே பார்டர்தான். ஆனா ஆர்ட் பண்ற பொண்ணு முறைச்சுட்டா. நியாயம்தான், பரப்பளவுல 4 மடங்கு வேலை!

'கையால வரையுற ஸ்டைல்னா?'னு கேட்பீங்க. டொரன்டோவுல விசை கேம்ஸ் 2023-ல விட்ட 'வெண்பா' அந்த ரகம். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிஞ்சுபோன அம்மாவோட சமையல் குறிப்பு, இட்லி, புட்டு... 2024-ல சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டாவையே அள்ளிடுச்சு. அந்த மாதிரி வரைஞ்சா முழு எண் கணக்கு கட்டாயமில்லை. பெருசா வரைஞ்சுட்டு சின்னதாக்கலாம். சின்னதா வரைஞ்சு பெருசாக்கினாதான் வம்பு.

எங்க டீம்ல இப்போ அடுத்த பஞ்சாயத்து ஓடுது. தமிழ் ஃபான்ட்டை யாரு வரையுறது? உயிர், மெய், உயிர்மெய் எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டாங்க. 'ஸ்ரீ' மட்டும் அநாதையா நிக்குது. யாராவது 12 பிக்சல் உயரத்துக்குள்ள வரைஞ்சு அனுப்புங்க, டீயும் சமோசாவும் நம்ம செலவு!